பன்னிரண்டு போல்ட்டும் ஒரு காது மெஷினும்

பாஸ்ராவுக்கு வெளியே ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அங்கே முஹைசின் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே ஃபிட்டர்கள் பாதை மாறிவிடுவார்கள். அவர் மின் பாதுகாப்பு ஆய்வாளர். பம்புக் கொட்டகையின் ஸ்விட்ச் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு போல்ட். எல்லாம் இறுகியிருந்தால்தான் உள்ளே தெறிக்கும் பொறி வெளியே கசிந்து நிற்கும் வாயுவைத் தொடாது. ஃபிட்டர்கள் நான்கை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"மீதி எட்டு எங்கப்பா?"

"நாலே கெட்டியா நிக்குது, அபூ ஜுமானா." மகள் பெயரை வைத்து முஹைசினை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பேண்ட்ல ஒரே ஒரு பட்டனைப் போட்டுட்டு கல்யாணத்துக்குப் போவியா நீ?"

கொட்டகையில் இன்னும் வீட்டு விளக்குகள்தான் எரிந்தன. வெடிப்பைத் தாங்கும் விளக்கு அறுபது கேட்டு மூன்று வருடமாக எழுதினார். மேனேஜர் ஹாத்திம் ஒவ்வொரு கடிதத்தையும் மரியாதையாக வாங்கி இழுப்பறைக்குள் தள்ளினார்.

அந்த வசந்தத்தில் பொது இயக்குநர் நூரி வந்தார். வாசலில் எல்லோரும் கைபேசி, லைட்டர் எல்லாவற்றையும் தட்டில் போட்டார்கள். முஹைசின் இயக்குநரின் காதைப் பார்த்தார்.

"உஸ்தாத், அதையும் கழட்டணும்."

"இது காது மெஷின்யா!"

"பேட்டரி இருக்கே, உஸ்தாத்."

"எந்தக் கழுதை போட்ட விதி இது?"

முஹைசின் தொண்டையைச் செருமினார். "கீழே உங்க கையெழுத்துதான் இருக்கு."

ஹாத்திமின் முகம் வெளிறியது. இயக்குநர் மெஷினைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

உள்ளே ஹாத்திம் ஒரு மணி நேரம் ஆலையின் பெருமை பேசினார். இயக்குநர் எல்லாவற்றுக்கும் கம்பீரமாகத் தலையாட்டினார். முஹைசின் விளக்குக் கடிதத்தை நீட்டி, "அறுபது விளக்கு, உஸ்தாத்!" என்று கத்தினார். அதற்கும் தலையாட்டல். "இந்த வருஷம் முடியாது, உஸ்தாத்!" என்று ஹாத்திம் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். அதற்கும் தலையாட்டல். பிறகு இயக்குநர் பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முஹைசினுக்கு மனம் உறுத்தியது. காது கேளாத மனிதரை ஏமாற்றிவிட்டோமோ? வாசலில் மெஷினைத் திருப்பித் தரும்போது வாயைத் திறந்தேவிட்டார்.

"உஸ்தாத், உள்ளே எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு..."

"காதுதான்யா போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. படிச்சுட்டுத்தான் போட்டேன்." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மேனேஜர் பேசுறப்போ இப்படி நிம்மதியா இருந்ததே இல்ல. அடுத்த தடவையும் மறக்காமக் கழட்டச் சொல்லு."

நான்கு மாதத்தில் விளக்குகள் வந்தன. முஹைசின் எண்ணிப் பார்த்தார்: ஐம்பத்தெட்டு. அன்றைக்கே அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தார்.