பாலாடை, எண்ணம் ஒன்று

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். தங்கை மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு குடம் வாங்க வேண்டியிருந்தது. விலை பேசி முடித்ததும் கடைக்காரர், "பேரு வெட்டணுமா சார்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், உள்ளே யாருக்கோ பெயர் வெட்டிக்கொண்டிருந்த மிஷின் கிர்ரென்றது. சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயர் இல்லாத குடத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பெயர் வெட்டிய பாத்திரங்களை நான் அளவுக்கு மேல் பார்த்தவன். வக்கீலான புதிதில் தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போவேன். கறுப்புக் கோட்டைப் பைக்குள் சுருட்டி வைத்திருப்பேன். போட்டுக்கொண்டு ஏறினால் கண்டக்டர் தன் பங்காளித் தகராறைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். என் சீனியருக்குக் கிரிமினல் கேஸ்கள்தான் அதிகம். கொலை வழக்குகளில் கூண்டில் நிற்கிற சாட்சியிடம் அரிவாளைக் காட்டுவார்கள். நூலில் கட்டிய சீட்டு அதில் தொங்கும். பழைய ரத்தக்கறைக்குத் துரு வாடைதான். மூன்றே மாதத்தில் அதற்குப் பழகிவிட்டேன். குடும்ப வழக்கு என்றால் எனக்கு இளக்காரம், ரத்தம் இல்லாத கேஸ் என்ற நினைப்பு. கொழுப்புதான், வேறென்ன.

அந்தக் காலத்தில் சம்மத விவாகரத்து முடிகிற நாளில் சீர்ச் சாமான்களை கோர்ட் வளாகத்துக்கே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மினி லாரி வரும். கட்டில், பீரோ, கிரைண்டர், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் வேப்பமரத்தடியில் இறங்கும். பாத்திரங்களில் பெண்ணின் பெயரோ அவள் அப்பா பெயரோ வெட்டியிருக்கும். இரண்டு தரப்பு ஜூனியர்களும் பட்டியலை வைத்துச் சரிபார்ப்போம். வாய்தாவுக்கு வந்தவர்களெல்லாம் சுற்றி நின்று, கட்டில் நல்ல தேக்கு என்று பேசிக்கொள்வார்கள். கல்யாணத்தைத் தலைகீழாக நடத்துவது மாதிரி இருக்கும். சாப்பாடு மட்டும் கிடையாது.

அப்படி ஒரு கேஸில் நான் கணவன் தரப்பு. கருப்பசாமி என்று பெயர், பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. மனைவி பாண்டியம்மாளுக்குத் தளவாய்புரம். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை பதினோராம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. ஒரு நாள் முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று கருப்பசாமி சொன்னாராம். நீங்க எங்க இருந்தீக என்று பாண்டியம்மாள் கேட்டாராம். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அடி கிடையாது, குடி கிடையாது. சட்டத்தில் எந்தக் குற்றமும் சொல்ல முடியாததால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

பட்டியலில் பதினாறு உருப்படி வரை சரியாக வந்தது. பதினேழாவது, 'எவர்சில்வர் பாலாடை, எண்ணம் ஒன்று'. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். இறக்கிய சாமான்களில் அது இல்லை. பாண்டியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது வராம கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"இம்புட்டுச் சாமான் வந்திருக்கு, ஒரு பாலாடைக்காம்மா? நான் புதுசு வாங்கித் தாரேன்" என்றேன். இப்படியும் ஒருவன் பேசுவானா என்று கேட்காதீர்கள். பேசினேன்.

"எங்கண்ணன் பேரு வெட்டிக் கொடுத்தது சார். பிள்ளை பேரு எழுதுன சாமான் அது ஒண்ணுதான். பொறந்த சர்டிபிகேட்ல கூடப் பேரு போடல. பொறவு போட்டுக்கிடலாம்னு இருந்துட்டோம்."

கருப்பசாமியைத் தேடிப் போனேன். லாரிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைப் பைக்குள் கை விட்டு, பாலாடையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரை வாசித்தேன். உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"மத்த எல்லாத்தையும் கொண்டுட்டுப் போகட்டும் சார். இது எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும். காணலன்னு எழுதிருங்க."

இப்போது நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. செத்துப்போன ஒரு பிள்ளைக்காகத் தாயும் தகப்பனும் ஒரு லாரிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். இடையில் பத்தடி இருக்குமா? அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த அம்மா முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். சேர்ந்திருப்பார்களா, தெரியாது. அவரும் அந்தப் பிள்ளையை விடவில்லை என்பதாவது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு அன்று பெரிதாகத் தெரிந்தது வேறு. மதியத்துக்கு மேல் ஜட்ஜ் லீவு; கேஸ் அடுத்த வாய்தாவுக்குப் போனால் சீனியர் காய்ச்சி எடுத்துவிடுவார். திரும்பி வந்து, "வீடு பூராவும் தேடியாச்சாம்மா, கெடைக்கலயாம்" என்றேன். பதினேழுக்கு நேரே 'காணவில்லை' என்று எழுதினேன்.

பாண்டியம்மாள் என் முகத்தையே பார்த்தார்.

"தேடுனது அவரா சார்?"

"ஆமாம்மா."

"அவருக்குத் தேடத் தெரியாது" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பல வருஷம் கழித்து, தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனி வாசலில் பாண்டியம்மாளைப் பார்த்தேன். அவராகவே வந்து, "நல்லாருக்கீகளா சார்?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். கருப்பசாமி திருப்பூருக்குப் போனதாகச் சொன்னார்கள். பிறகு இறந்துவிட்டதாகவும் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் கோர்ட்டுக்குச் சாமான் வருவதில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி பேங்கில் போட்டுவிடுகிறார்கள். வேப்பமரம் நின்ற இடத்தில் நாங்கள் பைக் நிறுத்துகிறோம். அந்தக் கேஸ் கட்டைத் தேடி ரெக்கார்டு ரூமில் கேட்டேன். காலம் முடிந்த கட்டுகளை அழித்தாகிவிட்டது என்றார்கள். வீட்டுப் பரணில் என் பழைய பெட்டிக்குள் பட்டியலின் நகல் மட்டும் கிடைத்தது. பதினேழாவது வரியில் பாலாடை என்று இருக்கிறது, காணவில்லை என்று இருக்கிறது. பிள்ளையின் பெயர் இல்லை. கையில் வைத்து எழுத்தெழுத்தாக நான் வாசித்த பெயர். மூன்றெழுத்தா நாலெழுத்தா என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.