சகாயத்தின் விழித்திரையில் வெள்ளைப் புள்ளிகள்

1. ஆட்டுக்கண்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க தெருவுல காலையில எத்தனை மணிக்கு ஆடு அறுப்பாங்க?" என்பதுதான்.

சர்டிபிகேட்டைக் கேட்பார், நாலு வரி எழுதச் சொல்வார் என்று நினைத்து, சலவைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "விடியுறதுக்கு முந்தியே அறுத்துருவாங்க சார்," என்றேன்.

"அப்ப நாளைக்கு வரும்போது ரெண்டு கண்ணு வாங்கிட்டு வா காதர். வெளிச்சம் மட்டும் படக்கூடாது. பட்டுச்சுன்னா எனக்கு வேண்டாம்."

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் மாசிலாமணி அதற்கு முதலாளி, சர்ஜன், கணக்கப்பிள்ளை எல்லாம். நான் பேகம்பூர்க்காரன். எங்கள் அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். அந்த நாற்றத்திலிருந்து தப்பித்து வெள்ளைக் கோட்டு வேலைக்கு வந்தால், இங்கேயும் ஆட்டைத்தான் கேட்கிறார்கள். தலையெழுத்து என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் ஒரு டப்பாவில் இரண்டு கண்களைப் போட்டு, மேலே கறுப்புத் துணியைச் சுற்றி எடுத்துப்போனேன். டாக்டர் இருட்டறைக்குள் சிவப்பு பல்பை மட்டும் போட்டு, கண்ணைக் கத்தரியால் பாதியாக வெட்டினார். உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய சவ்வை இடுக்கியால் உரித்து, உப்புத் தண்ணீர் ஊற்றிய சாசரில் மிதக்க விட்டார். வெங்காயத்தின் உள்தோல் போல இருந்தது. "இதுதான் விழித்திரை. கண்ணை மூடாமப் பாரு," என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

சவ்வு இளஞ்சிவப்பாக இருந்தது. மாதுளம் முத்தைக் கழுவிய தண்ணீர் நிறம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிறம் வெளுத்தது. கொஞ்சம் மஞ்சளானது, அப்புறம் வெறும் வெள்ளை. யாரும் தொடவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டது, அவ்வளவுதான். யா அல்லா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"உன் கண்ணுக்குள்ளயும் இதே கதைதான்," என்றார் டாக்டர். "பகல்ல வெளுக்கும், இருட்டுல திரும்பச் சாயம் ஏறும். இந்தச் சாயம் இருந்தாத்தான் மங்கல் வெளிச்சத்துல ஆளு தெரியும். சாயத்துக்குச் சரக்கு கீரையிலயும் ஈரல்லயும் மீன் எண்ணெயிலயும் இருக்கு. சரக்கு வரலைன்னா மாலைக்கண்ணு."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அருவருப்பால் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் எனக்குள்ளே ஒரு சாயப்பட்டறை ஓடியிருக்கிறது, எனக்கே தெரியவில்லையே என்ற திகைப்பால்.

2. பன்னிரண்டு பல்

என் வேலை இருட்டறை வேலை. டாக்டர் சொந்தச் செலவில் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நிலக்கோட்டை, சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு பக்கமிருந்து மாலைக்கண் என்று வருகிறவர்களில் யாருக்குப் பார்வை திரும்புகிறது, யாருக்குத் திரும்பவில்லை, அவர்கள் விழித்திரையில் என்ன வித்தியாசம் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார்.

சோதனைக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே பல்பு, முன்னால் பால் கண்ணாடி, அதை மூடித் திறக்க ஒரு தகடு. தகட்டில் பன்னிரண்டு பல். ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால் வெளிச்சம் துளித்துளியாகக் கூடும். ஆளை அரை மணி நேரம் கும்மிருட்டில் உட்கார வைத்துவிட்டு, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று நான் கேட்டுக்கொண்டே வருவேன். நல்ல கண் மூன்றாம் பல்லில், நாலாம் பல்லில் சொல்லிவிடும். மாலைக்கண் பத்தைத் தாண்டியும் பேசாது.

அப்புறம் எண்ணெய். சுறா மீன் ஈரல் எண்ணெய். பிள்ளைகள் என்றால் நாங்களே மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவோம். பெரியவர்களுக்குப் பாட்டிலில் கொடுத்தனுப்புவோம். பாட்டிலைக் கொடுப்பது என் பொறுப்பு.

3. பூ எடுக்கிற பெண்

நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆனபோது சகாயமேரியை அவள் மாமியார் அந்தோணியம்மாள் கூட்டிவந்தார். நிலக்கோட்டை பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். சகாயத்துக்கு இருபது வயது இருக்கும். வயிற்றில் ஐந்து மாதம்.

"இருட்டோட பூவெடுக்கப் போவோம்யா, மொதப் பஸ்ஸுக்குக் கூடை போய்ச் சேரணும்ல," என்றார் அந்தோணியம்மாள். "ஒரு மாசமா இவ கூடையில மொக்கை விட எலதேன் அதிகம். என்னடி கூத்துன்னு கேட்டா, தடவித் தடவிப் பறிக்கேன் அத்தைங்கிறா. பாவி மக, கண்ணு தெரியலைன்னு வாயத் தொறந்து சொல்லல."

"ஏன்மா சொல்லலை?" என்று டாக்டர் கேட்டார்.

சகாயம் தலை குனிந்துகொண்டாள். "எங்க தாய்மாமனுக்கும் இப்படித்தேன் தொடங்குச்சாம். முப்பது வயசுல முழுசாப் போயிருச்சு. சின்னப்புள்ளையில நாந்தேன் அவுகளுக்குக் கைபிடிச்சு வழி காட்டுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?"

"ஆமா. அத்தை மகன், மாமன் மகதேன்."

கண்ணில் சொட்டுமருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் கண்ணுக்குள் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஆரஞ்சு நிறத் தரை, அதில் ஆறு பிரிவது போல ரத்தக் குழாய்கள், ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். உயிரோடிருக்கிற ஒரு மனுஷியின் உள்ளே, கத்தி இல்லாமல், வெறும் வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நடுக்கம் போனதில்லை.

சோதனையில் பன்னிரண்டாம் பல்லிலும் சகாயம் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து டாக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்தப் புள்ளி ரெண்டு நோயிலயும் வரும் காதர். சத்துக் குறைவுலயும் வரும், ரத்தத்தோட வந்த நோயிலயும் வரும். பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய் கொடுத்தாத்தான் தெரியும். பார்வை திரும்புச்சுன்னா பிழைச்சா. திரும்பலைன்னா தாய்மாமன் வழிதான்."

அந்தோணியம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "குருடியாப் போனா போறா, நாங்க வச்சுக் கஞ்சி ஊத்துவோம்யா. வயித்துல இருக்கதுக்கும் வருமா, அத மட்டும் சொல்லுங்க," என்றார். "ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றேன்," என்றார் டாக்டர்.

பாட்டிலை நான் கொடுத்தேன். "தினம் ரெண்டு கரண்டி. ஒரு நாளும் விடக்கூடாது," என்றேன்.

4. வாடை

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். பாட்டில் காலி. ஒரு நாளும் விடவில்லை என்று அந்தோணியம்மாள் சிலுவை போட்டுச் சொன்னார். டாக்டர் கருவியை வைத்துப் பார்த்தார். புள்ளிகள் அப்படியே இருந்தன. அவர் முகம் இறுகிவிட்டது. "சோதனையை முடிச்சிரு. அப்புறம் ரெண்டு பேரையும் என் ரூமுக்குக் கூப்பிடு. எப்படிச் சொல்லப் போறேன்னு தெரியலை," என்றார்.

கதவைச் சாத்தி, சகாயத்தை உட்காரவைத்து, விளக்கை அணைத்தேன். மூடிய அறை. செத்த நேரத்தில் சுறா எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. தோல் ஷாப்பு நாற்றத்தில் வளர்ந்த மூக்கு இது, லேசில் ஏமாறாது. எண்ணெய் குடித்தவர்களிடம் பேசும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் வாடை வரும். இவள் வாயே திறக்கவில்லை. வாடை அவள் தலைப்பக்கமிருந்து வந்தது.

"ஏம்மா, அந்த எண்ணெய்ய என்ன பண்ணுன?"

"தேச்சேன் பாய். அத்தைதேன் தேச்சு விட்டாக. உச்சியில ஒரு கரண்டி, உள்ளங்கால்ல ஒரு கரண்டி. நாத்தம் தாங்காம எங்க வீட்டுக்காரரு தொழுவத்துல போய்ப் படுத்துக்கிட்டாரு. அப்பயும் அத்தை விடல."

விளக்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். "சார், தேச்சுட்டாங்க சார்! குடிக்கவே இல்ல!"

அந்தோணியம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கண்ணுக்கு எண்ணெய்ன்னா உச்சிக்குத்தேன வைப்பாக? கண்ணுச் சூட்டுக்கு எண்ணெய்யக் குடிச்சவுகள எந்த ஊர்லய்யா கண்டீக?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் வீட்டிலும் கண் எரிந்தால் உம்மா உச்சந்தலையில்தான் எண்ணெய் வைப்பார். ஊர் முழுக்க அதுதான் வழக்கம். டாக்டர் என்னைப் பார்த்தார். "குடிக்கணும்னு சொன்னியா காதர்?"

"தினம் ரெண்டு கரண்டின்னு சொன்னேன் சார்."

"குடிக்கணும்னு சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, மூன்று வருஷமாக யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதாக நினைவில்லை. அவரும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அது அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நீள நோட்டைப் புரட்டினார். 'குணமாகவில்லை, பரம்பரை நோய்' என்று தன் கையால் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

புதுப் பாட்டிலைத் திறந்து, முதல் இரண்டு கரண்டியை சகாயம் என் முன்னாலேயே குடித்தாள். குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தே, தேச்சதே தேவலாம்டி," என்றார்.

அப்போது டாக்டர் அவர்களுக்குச் சொன்ன ஒன்றை நான் இன்றுவரை மறக்கவில்லை. "வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இப்பத்தான் விழித்திரை அடுக்கடுக்கா வளருது. அந்தப் பிள்ளைக்கும் இதே சத்து வேணும். இவ திங்கிறதுல கீரை இல்ல, பாலு இல்ல. பிள்ளை சும்மா இருக்குமா? ஆத்தா ஈரல்ல சேத்து வச்சதை எடுத்துத் தன் கண்ணை முடைஞ்சுக்கிருது. அப்படித்தான் இருக்கணும்னு நான் ஆசைப்படுறேன். பத்து நாள்ல தெரியும்."

சகாயம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

5. பத்தாம் நாள்

அந்தப் பத்து நாளும் நானும் டாக்டரும் கார்டு எழுதினோம். நோட்டில் குணமாகாதவர்கள் என்றிருந்த அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி: எண்ணெய்யைக் குடித்தீர்களா, தேய்த்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு நானே பஸ் ஏறிப் போனேன். சேவுகம்பட்டியில் ஒரு பெரியவர், "தேச்சேன் தம்பி, முடி நல்லா வளந்துச்சு," என்றார். அவரை அங்கேயே குடிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். நிஜமாகவே குடித்தும் பார்வை திரும்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்ய எங்களிடம் அன்று ஒன்றுமே இல்லை. அந்த வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே நிற்பவருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். மருந்தை நீட்டி, "இதை என்ன பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்க," என்று கேளுங்கள். அவர்கள் செய்து காட்டுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் ஓய்வு பெறும்வரை அப்படிக் கேட்காமல் ஒரு பாட்டிலையும் கொடுத்ததில்லை.

பத்தாம் நாள் சகாயம் வந்தாள். கதவைச் சாத்தி, அரை மணி நேரம் அவளை இருட்டில் உட்கார வைத்து, தகட்டில் கை வைத்தேன். முதல் பல். இரண்டு. மூன்று. என் கண்ணுக்கே பால் கண்ணாடி லேசான சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. நாலாம் பல்லை நகர்த்தினேன்.

"தெரியுது பாய்."

உத்தேசமாகச் சொல்கிறாளோ என்று தகட்டை முழுக்க மூடினேன். "இப்ப?"

"இப்ப இல்ல."

மறுபடி நாலாம் பல். "இப்ப?"

"தெரியுது. வட்டமா, பொழுது விடியப்போற மாதிரி."

தினம் இரண்டு கரண்டி மீன் எண்ணெய். வாயில் போனது, குடலில் போனது, ஈரலில் போனது, அங்கிருந்து வழி கண்டுபிடித்து இத்தனூண்டு சவ்வில் போய் ஏறி, ஒரு பெண்ணுக்கு இருட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான் செய்தது தகட்டை நகர்த்தியது மட்டும்தான். மேற்கொண்டு பெட்டியைத் தொடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அதற்குள் நான் என்ன செய்தாலும் எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"பாய்," என்றாள் சகாயம். "எதுக்கு நீங்க அழுகுறீங்க?"