இரண்டு லெட்சுமிகளும் எட்டாம் பக்கமும்

1. வேலைக்குச் சேர்ந்த விதம்

நிவாரணக் கந்தோரில் சேர்ந்த முதல் நாள், அதற்குப் பொறுப்பாக இருந்த சிவபாதம் சேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"தம்பி, எதுவரைக்கும் படிச்சனீர்?"

"ஒன்பதாம் வகுப்பு சேர். பத்தில ரெண்டு மாசம்."

"பிறகு?"

"ரேடியோ திருத்தினன், வாட்டர் பம்ப் திருத்தினன். வவுனியாவில ஒரு கடையில கொம்பியூட்டர் துடைச்சனான். துடைக்கேக்க பழகினதுதான் மிச்சமெல்லாம்."

அவர் சிரிக்கவில்லை. கண்டாவளைப் பக்கத்தில் அந்த நேரம் வேறு ஆள் அகப்படாததால் என்னை எடுத்துக்கொண்டார்.

கந்தோர் என்பது முன்பு நெல் அடுக்கிய தகரக் கொட்டில். அதில் ஒரு பழைய 386 கொம்பியூட்டரும், ஊசிகள் அடித்து எழுதுகிற பிரிண்டர் ஒன்றும் இருந்தன. கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் அருமையான சாமான் என்பதால் நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான் அனுமதி. மிச்ச நேரம் கொம்பியூட்டருக்கான நிரலைத் தாளில் எழுதி, வரி வரியாக விரலால் ஓட்டிப் பார்ப்பேன். இன்றைக்கும் நான் எழுதும் நிரலில் பிழை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் அந்த மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு.

இங்கே வருமுன் இருந்த முகாமிலேயே கியூபேசிக் என்ற கணினி மொழியில் குடும்பப் பட்டியல் நிரல் ஒன்று எழுதியிருந்தேன். அது போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களை ஊர்வாரியாக அடுக்கும். இரண்டு இடத்தில் பதிந்தவர்களைப் பிடித்து ஒன்றை நீக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தேன். பிஸ்கட் வந்த தகரப் பேணி ஒன்றுக்குள் ஒரு புளொப்பி, கூடவே எண்பது பக்கக் கொப்பி ஒன்று. நிரலில் யார் கை வைத்தாலும் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கொப்பியில் எழுதி, தன் பெயரையும் போட்டு, பேணியை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

சேருக்கு அது பிடிக்கவில்லை.

"பூட்டி வையும் தம்பி. எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தா நாளைக்கு உம்மை ஆர் தேடுவினம்?"

"தேடாட்டி நல்லது சேர். நான் ஓரிடத்தில இருக்கிற ஆளில்லை. நான் போனாப்பிறகும் இது ஓடோணும்."

பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. ஊர் ஊராக அலைகிறவன் பாரம் குறைக்கப் பார்ப்பான். நிரலை இப்படித் திறந்து கொடுப்பதற்கென்று உலகத்தில் ஒரு பெயர் இருப்பதும், அதைச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதும் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஆனாலும் எனக்கும் கர்வம் இருந்தது. இரட்டைப் பதிவைப் பிடிக்கும் பகுதியை எழுத எனக்கு நாலு நாள் பிடித்திருந்தது. அதற்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: "இந்த இடத்தைத் தொடாதேங்கோ. தொட்டால் நான் பொறுப்பில்லை."

2. ஏறினவரும் இறங்கினவரும்

ஒரு புதன்கிழமை காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். மலையகத்திலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, இங்கேயும் இடம்பெயர்ந்த குடும்பங்கள். ஒரே குடியேற்றத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. இருவர் பெயரும் எம். லெட்சுமி.

மூத்தவர் சொன்னார்: "போன தடவ லிஸ்ட்ல என் பேரு இல்லைங்க. இவ வூட்டு அரிசியத்தான் ரெண்டு வூடும் பொங்கித் தின்னோம். ஏழு புள்ளைங்க."

"இந்தத் தடவையும் இல்லைன்னா நான் பொங்க மாட்டேன்," என்றார் இளையவர். "இவ புருசன் திங்கிற தீனிக்கு லாரியே பத்தாது."

அரிசி லொறி வெள்ளிக்கிழமை வரும். அதை விட்டால் இன்னும் பதினைந்து நாள். பேனையால் எழுதிய பெயரை லொறிக்காரர் ஏற்கமாட்டார்கள். அச்சடித்த பட்டியலும் குடும்ப அட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டரைப் போட்டு மூத்த லெட்சுமியைப் பட்டியலில் ஏற்றினேன். இளைய லெட்சுமி இறங்கிவிட்டார். இளையவரை ஏற்றினேன், மூத்தவர் இறங்கினார். பெயர், முதலெழுத்து, ஊர் மூன்றும் ஒன்றாக இருந்ததால் என் நிரலுக்கு இருவரும் ஒரே ஆள். அந்தப் பகுதியையே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்து நின்றார்கள். அப்படியான பட்டியலில் சேர் கையெழுத்து வைக்கமாட்டார்.

சேர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மனுசியளை ஒரு தாளில இருத்தத் தெரியாதோ உமக்கு?"

இரண்டு மணித்தியாலம் முடிந்தது. ஜெனரேட்டர் நின்றது.

3. கடற்கரைக்கு

இந்த நிரலை ஓட்டிய இன்னொருவர் ரெஜினா. முல்லைத்தீவுக் கரையில், கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் மீனவக் குடும்பங்களின் பட்டியலை அடிப்பவர். அவருக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்குமோ என்று கேட்க, வியாழன் விடியச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். விசுவமடு கழிந்ததும் டயரில் காற்றுப் போனது; அதற்குள் வைக்கோலை அடைத்து மிதித்தேன். அது அப்போது வழமை.

"இருங்கோ அண்ணை. முதல்ல தண்ணியைக் குடியுங்கோ," என்றார் ரெஜினா.

கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்கட கோயில் பங்கில மட்டும் பதினொரு எஸ். அந்தோனிப்பிள்ளை. எல்லாரும் ஒரே புனிதருக்குத்தான் நேர்ந்தவை. முதல் லிஸ்ட்டிலயே உங்கட நிரல் பத்துப் பேரைச் சாக்காட்டிப்போட்டுது."

"பிறகு?"

"மூண்டும் ஒத்துப்போனா தாயின்ர பேரையும் பார் எண்டு மாத்தினன். ஒரு தாய் ரெண்டு பிள்ளைக்கு அந்தோனிப்பிள்ளை எண்டு வைக்கமாட்டா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"கொப்பியில எழுதி, பேணியோட லொறியில அனுப்பினனான். ரெண்டு மாசமாகுது. எட்டாம் பக்கம். வாசிக்கேல்லையோ?"

நான் தண்ணீரை மெதுவாகக் குடித்தேன்.

"கொப்பி எங்க அண்ணை?"

"பிரிண்டருக்குக் கீழ. மேசை ஒரு பக்கம் சரிவு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப நான் எழுதினது ஒண்டைத் தாங்கிக்கொண்டுதான் இருக்குது."

கருவாட்டுப் பொதி ஒன்றைக் கட்டித் தந்து அனுப்பினார். கந்தோரிலேயே இருந்த விடையைத் தேடி நாற்பது கிலோமீற்றருக்கு மேல் மிதித்தவனுக்கு அது கூடுதலான மரியாதை.

4. வெள்ளிக்கிழமை

கொப்பியை உருவிவிட்டு அந்த இடத்தில் செங்கல் ஒன்றை வைத்தேன். எட்டாம் பக்கத்தில் மாற்றம், காரணம், பெயர் எல்லாம் வடிவான கையெழுத்தில் இருந்தன. தட்டச்சுப் பிள்ளை என்னத்தை மாற்றியிருக்கப் போகிறாள் என்று நினைத்து நான் திறக்காமல் விட்ட பக்கம் அது.

பேணியில் இருந்த புளொப்பியைக் கொம்பியூட்டர் முதல் தடவை வாசிக்கவில்லை. சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டேன். கறகறத்து வாசித்தது. என்னுடைய "தொடாதேங்கோ" வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: "தொட்டனான். பொறுப்பு என்ர. ரெஜினா."

லெட்சுமிகள் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"அம்மா பேர் என்ன?"

"காத்தாயி," என்றார் மூத்தவர்.

இளையவர் தயங்கினார். "பெத்தவ பேரு தெரியாதுங்க. நான் பொறந்தப்பவே செத்துட்டாளாம். வளத்தவ பேரு மாரியாயி. அது செல்லுமா?"

"செல்லும்," என்று பின்னாலிருந்து சொன்னவர் சிவபாதம் சேர்.

பிரிண்டர் கத்திக் கத்தி அடித்தது. எம். லெட்சுமி, அதற்குக் கீழே எம். லெட்சுமி. மூத்தவர் விரலை வைத்துக் கேட்டார், "இதுல எது நானு?"

"மேல இருக்கிறது."

"எப்பவும் இவதான் மேல," என்றார் இளையவர்.

லொறி வந்தது. இரண்டு வீட்டுக்கும் அரிசி போனது. சேர் கையெழுத்துப் போட்ட பேனையை மூடிக்கொண்டே, "அந்தப் பிள்ளை எழுத இன்னுமொரு கொப்பி வாங்கி அனுப்பும்," என்றார். பூட்டி வைக்கிற கதையை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நிரலைத் திறந்து வைப்பது பாதி வேலை. மற்றவர் எழுதி அனுப்பியதை உட்கார்ந்து வாசிப்பதுதான் மற்றப் பாதி, அதுதான் கஷ்டம்.

ஆறு மாதம் கழித்து நான் வழமைபோல வேறிடம் போனேன். போக முன் பேணியை ரெஜினாவுக்கு அனுப்பினேன். கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தில், அந்த வெள்ளிக்கிழமையே நான் எழுதியது அப்படியே இருந்தது:

"ரெஜினாவின் மாற்றம் இன்று ஏற்றப்பட்டது, இரண்டு மாதம் பிந்தி. பிழை, கொப்பியைப் பிரிண்டருக்கு முட்டாக வைத்தவருடையது. தொடாதேங்கோ என்ற வரி நீக்கப்பட்டது."