மைசூருக்குக் கிடா மாற்றப் போனது

என் பெரிய பேரன் கொள்ளேகாலில் வாத்தியார். பேத்தி பாட்டுப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கியவள். கடைசிப் பேரன் பொன்னுசாமி மைசூர் ரயில் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் ஊர் கௌதள்ளியில் அந்த உத்தியோகம் பார்த்தவன் வேறு ஒருவனும் இல்லை. இந்தப் பயணமே அவன் அனுப்பிய படத்தால் வந்தது.

படத்தில், சீமைக் கிடாவுக்கும் நம் செம்மறிக்கும் பிறந்த ஐந்து மாதக் கிடாக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிறான். குட்டி கன்றுக்குட்டி மாதிரி திரண்டு கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் அப்பன், என் மகன் மாரப்பன், எங்கள் பன்னூர் ஜாதிக் கிடாவைக் கொடுத்து ஒரு கலப்புக் கிடா மாற்றிக்கொள்வதாக, அந்தக் குட்டியை வளர்க்கும் மைசூர்ப் பண்ணைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். பட்டிக்கு இருப்பது அந்த ஒரே கிடா. ஐந்து மாதக் குட்டிகளைக் கறிக்கு விற்றுத்தான் எங்கள் பிழைப்பு. நானும் வருவேன் என்று கிளம்பினேன்.

வைகாசியில் விடியுமுன் வண்டி கட்டி, பொழுது சாயக் கொள்ளேகால் சேர்ந்து, பெரிய பேரன் வீட்டில் தங்கினோம். மறுநாள் ஏழு மணிக்கு மைசூர் பஸ். சுமார் நாற்பது மைல், ஆளுக்குப் பன்னிரண்டு அணா.

"ஆட்டுக்கு அரை டிக்கெட்டு, அஜ்ஜி" என்றார் கன்னடக்காரக் கண்டக்டர்.

"உள்ள இடம் குடுப்பீங்களா?"

"மேலதான் கட்டணும்."

"காத்து வாங்கறதுக்குங்களா காசு?"

சிரித்தாரே தவிர விடவில்லை. நரசீபுரத்தில் காபிக்கு நிறுத்தினார்கள். இறங்கிப் பார்த்தால், யாரோ மேலே போட்டிருந்த வெற்றிலைக் கட்டில் பாதியைக் கிடா தின்றிருந்தது. நாங்கள் காபி குடிக்கப் போய்விட்டோம்.

மைசூர் பஸ் ஸ்டாண்டில் பொன்னுசாமி ஜட்காவோடு நின்றான். பண்ணை மூன்று மைல். குட்டி படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. மாரப்பன் எங்கள் கிடாவின் கயிற்றைப் பண்ணை ஆளிடம் நீட்டிவிட்டான். அங்கே குட்டி வாங்க வந்திருந்த கறிக்கடை உசேன் சாயபுதான், "அம்மா, கையை விட்டுப் பாருங்க" என்றார்.

எங்கள் ஆட்டுக்கு மயிர் குட்டை. கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவோம். இதில் கை மணிக்கட்டு வரை கம்பளிக்குள் போயிற்று. அதற்கப்புறம் முதுகெலும்பு கத்தி மாதிரி தட்டியது. எங்கள் கிடாவின் முதுகோ சதை மூடிப் பலகையாக இருந்தது.

"இது வெரசா வளருது, பொய் இல்லை" என்றார் சாயபு. "முதல்ல காலும் எலும்பும். கறி பின்னால வரும். அதுவரைக்கும் தீனி போடணும்."

"படத்துல கன்னுக்குட்டியாட்ட இருந்துதேடா!" என்றான் மாரப்பன்.

"படத்துல கையை விட முடியுங்களா, அப்பா?" என்றான் பொன்னுசாமி.

மாரப்பன் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

சாயபு கடையில் நம் ஆட்டுக் கறியும் கலப்புக் கறியும் வாங்கி, பொன்னுசாமி வீட்டில் இரண்டு சட்டியில் ஒரே நேரம் அடுப்பேற்றினேன். நம்முடையது நெய்யூறி மெத்தென்று வெந்தது. கலப்புக்கு இன்னொரு கொதி வேண்டியிருந்தது, வாசனையும் கம்மி. ஆனால் கொழுப்பு ஆகாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆடு பார்க்கப் போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போங்கள். கிடாவை மற்றவர் மூட்டைக்கு எட்டாமல் கட்டச் சொல்லுங்கள். கம்பளி வேண்டுமென்றால் கலப்பு வாங்குங்கள். கறிக்கென்றால் கையை விட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

பொன்னுசாமிக்கு மனசு ஆறவில்லை. அந்தக் குட்டியைத் தானே வாங்கித் தீனி போட்டுக் காட்டுகிறானாம். காட்டட்டும், தேறினால் அதையே பட்டிக்குச் சேர்த்துக்கொள்கிறோம். கண்ணு பொன்னுசாமி, கார்த்திகைக்குள் புதுப் படம் ஒன்று தபாலில் போடு. நீயும் பக்கத்தில் நில். ஆனால் குட்டிக்கு மயிர் கத்தரித்த பிறகு எடு.