நல்லமிளகுக் கொடிக்கு நான் ஊற்றிய உரம்

பணி ஓய்வு பெற்ற மறுவாரமே நான் இயற்கை விவசாயி ஆகிவிட்டேன். நிலம் என்று பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், ஒரு கிணறு, இரண்டுக்கும் நடுவே கிடந்த இடம், அவ்வளவுதான். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்திய கைக்கு அதுவே பெரிய ஜமீன். தலையில் கட்ட ஒரு துண்டு வாங்கினேன். கைபேசியில் ஏழெட்டு வீடியோ பார்த்தேன். படிப்பு முடிந்துவிட்டது.

மாமரத்தில் ஒரு நல்லமிளகுக் கொடி ஏறியிருந்தது. குறுமிளகை எங்கள் பக்கத்தில் நல்லமிளகு என்றுதான் சொல்வோம். கல்யாணமான புதிதில் மனைவி அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. தினமும் மீன் கழுவிய தண்ணீரை அதன் மூட்டில், வேர்ப்பக்கமாக ஊற்றுவாள், சாம்பல் போடுவாள். மார்கழி பிறந்ததும் சரம் சரமாகப் பறித்து, உதிர்த்து, பாயில் காயவைத்துப் பீங்கான் பரணியில் போட்டு மூடிவைப்பாள். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால் குறை சொல்வதோடு என் பங்கு முடிந்துவிடும். ஆக, இருபத்தெட்டு வருடமாக இயற்கை விவசாயம் நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் நான் இயற்கை விவசாயத்தைத் தொடங்கிவைத்தேன்.

முதல் வேலையாகப் பரணியிலிருந்த மிளகைச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டி, காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "நம்ம தோட்டத்துல விளைஞ்சதாக்கும். ஒரு துளி விஷம் கிடையாது" என்று சொல்லும்போது குரல் தானாகவே கனத்துவிடும். மனைவி காலிப் பரணியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மகளுக்குப் பேறுகால மருந்து கிண்டணும், கேட்டியளா? மிளகுக்கு நான் எங்க போவேன்?"

மகள் அப்போது மஸ்கட்டில் மூன்று மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், பிள்ளை பிறக்க மார்கழி ஆகும். பிறந்ததும் பெற்றவளுக்கு மிளகு சேர்த்துக் கிண்டிய மருந்து உருண்டை கொடுப்பது எங்கள் வழக்கம்.

"அதுக்குள்ள புதுசு வந்துரும். இந்த வருசம் ரெட்டிப்பாக் காய்க்கப் போகுது பாரு" என்றேன். மகளுக்கும் போன் செய்து, உன் மருந்துக்கு அப்பாவின் ஆர்கானிக் மிளகு என்று வாக்குக் கொடுத்தேன்.

ரெட்டிப்பாகக் காய்க்க வீடியோக்காரர் மீன் அமிலம் சொல்லியிருந்தார். பச்சை மீனும் வெல்லமும் சம அளவு போட்டு, இருபத்தோரு நாள் மூடிவைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி வீதம் கலக்கி ஊற்ற வேண்டும். அது மீன்பிடித் தடைக்காலம். பச்சைச் சாளை மீன் கண்ணில் படவில்லை. கடற்கரைக்கே போய் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு வாளியைக் காட்டினார்.

"இது உப்பு போட்ட சாளை, சாரே. கருவாட்டுக்கு உள்ளது. செடிக்கு ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் எத்தனை பேர் தென்னை மூட்டில் உப்பு வைக்கிறார்கள்? தென்னைக்கு ஆகிற உப்பு மிளகுக்கு ஆகாதா? இதை அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். "சாருக்குத் தெரியாததா" என்று வாளியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதை வெல்லத்தோடு ஒரு டிரம்மில் போட்டு மூடினேன்.

இருபத்தோராம் நாள் டிரம்மைத் திறந்தபோது பூனைகள் வந்தன, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். கரண்டிக் கணக்கெல்லாம் கஞ்சர்களுக்கு என்று எண்ணி, தண்ணீர் கலக்காமல் தினம் ஒரு செம்பு ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலைகளின் ஓரம் கருகியது. உரம் ஏறுகிறது என்றேன். பிறகு கணுக்கணுவாக உதிர்ந்தது. ஆடி முடிவதற்குள் மாமரத்தில் காய்ந்த கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது கொடி. பூத்திருந்த சரங்களும் அதோடு போயின.

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக இருந்தது: தட்பவெப்பம், வாட்ட நோய், வீடியோக்காரர். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. காய்ந்த கொடியை அறுத்து இறக்கி, சுருட்டி, அடுப்புக்குப் போட்டாள். பெரிய விஷயமில்லை போல என்று நினைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஐப்பசியில் மகள் வந்தாள். மழை, வழுக்கும் என்று சொல்லி அவளைப் பின்பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். மார்கழியில் பேத்தி பிறந்தாள். மருந்து கிண்டுவதற்கு முந்தின நாள் மனைவி பையை நீட்டி, "புதுக்கடைச் சந்தையில நல்லமிளகு வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் வாங்கிவந்ததைப் புடைத்தாள். தூசியும் காம்பும் ஒரு கைப்பிடி வந்தன.

முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மகள் சொன்னாள்: "இதாக்கும் அப்பாக்க ஆர்கானிக் மிளகா? நல்ல எரிவு."

மனைவி மருந்து கிண்டிய உருளியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் அந்தப் பொய் எனக்கு வரவில்லை.

"இல்ல மக்கா. சந்தையில வாங்கினது. அம்மைக்க கொடியை நான் உப்பு ஊத்திக் கொன்னு போட்டேன்."

"தெரியும்ப்பா" என்றாள். "கொடியை அறுத்த அன்னைக்கு அம்மை எனக்குப் போன் போட்டு அழுதா. உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்படாதுன்னு சொன்னா. நீங்களாச் சொல்லுவியளான்னு இருந்தேன்."

நான் குறட்டை விட்டுத் தூங்கிய அந்த மத்தியானம் அவள் அழுதிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடத்தில் அவள் வேறு எதற்கெல்லாம் இப்படிப் பக்கத்து அறையில் அழுதிருப்பாள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

அடுக்களைக்குப் போனேன். அவள் உருளி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதான். பொறுத்துக்க" என்றேன். அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. இவளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவள் தேய்த்து முடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"மாசியில அண்ணன் வீட்டுல கொடி வெட்டுவாவ. கூட வாங்க, சுமக்க ஆள் வேணும்." கையைச் சேலையில் துடைத்தாள். "நடுறது நானாக்கும்."