சத்தம் போடுகிற கீபோர்டு

கீபோர்டில் இரண்டு ரகம் உண்டு என்பது போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழும் கொஞ்சம் தெலுங்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் இது எந்த ஊருக்குப் போகிறது என்று யாரிடமும் கேட்டதில்லை. அடுத்த பஸ் வரும் என்று நிற்பேன்.

என் வீட்டுக்காரர் எட்டாவது வரை படித்தவர். சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்தார். தராசில் ஏறியதை உரக்கக் கூவிச் சொல்ல வேண்டும். அந்தக் கோடியில் எழுதுகிறவனுக்கும் இந்தக் கோடியில் நிற்கிற வியாபாரிக்கும் ஒரே தடவையில் கேட்க வேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் நாங்கள் சோறு தின்றோம். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், நான் கூலிக்குப் போன கொல்லையிலேயே அரை ஏக்கர் நிலம் சொந்தமாக வாங்கியதும் அந்தக் குரலால்தான். வீட்டிலும் அதே குரல்தான். முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்து "இன்னாமே, காபி இன்னா ஆச்சு?" என்றால் பின்னால் மாட்டுக் கொட்டகையில் எனக்கும் கேட்கும், மூன்றாவது வீட்டுக்கும் கேட்கும். "வரேன் இருய்யா" என்று நானும் அதே அளவுக்குக் கத்துவேன்.

பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. புத்தி மட்டும் துளிகூடக் குறையவில்லை. உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. நான்தான் அவர் வாயாக இருந்தேன். யாராவது வந்தால் "அவரு சௌக்கியம்னு சொல்றாரு", "காபி வாணான்றாரு" என்று நானே சொல்லிவிடுவேன். முக்கால்வாசி சரியாகத்தான் சொன்னேன். மீதிக்கு அவர் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். நான் பேச்சை மாற்றுவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு யோசனை சொன்னார்கள். செல்போனில் எழுதினால் அது வாய்விட்டுப் படித்துக் காட்டுமாம். ஆனால் கண்ணாடி மேல் இவர் விரல் நடுங்கி இழுத்துக்கொண்டு போனது. ஒன்று தொட்டால் வேறொன்று விழுந்தது. "பட்டன் வெச்ச கீபோர்டு வாங்கி ஒயர்ல மாட்டிக்கோங்கம்மா, பட்டன் விரலுக்குத் தெரியும்" என்றார்கள்.

திருச்சானூரில் என் மகள் அறை எடுத்து இருக்கிறாள், கம்பெனி வேலை. அவரை அங்கே படுக்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் திருப்பதிக் கடைக்குப் போனோம். மாடிக்கடை, அவரால் ஏற முடியாத படி. கடைக்காரன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று மெம்பிரேன், அடியில் ரப்பர் விரிப்பு, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகும். இன்னொன்று மெக்கானிக்கல், ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக ஸ்பிரிங். விலை மூன்று மடங்கு. அதை நான் அமுக்கினேன். நெல் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டு, கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மா, இதுவே போதும். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இதுதான்" என்று மகள் மெம்பிரேனை எடுத்தாள். "நைனாவுக்கும் தொந்தரவு இருக்காது."

"இதி சாலம்மா" என்று கடைக்காரனும் தெலுங்கில் ஒத்து ஊதினான். போதும் என்கிறான். என்னைப் பார்த்துப் போதும் என்று இன்னொருத்தன் சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஆனால் பால் காசில் மாத்திரை போக மிச்சம் இருந்தது அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு வந்தோம்.

மகள் தமிழ் எழுத்து அச்சடித்த சின்னச் சில்லுகளைப் பட்டன்கள் மேல் ஒட்டி, செல்போனில் ஏதேதோ ஏற்றிக் கொடுத்தாள். அவர் இடது கை ஆள்காட்டி விரலால் தேடித் தேடி அமுக்கினார். கடைசியில் பெரிய பட்டனை அமுக்கினால் போன் பேசும். அவருடைய முதல் பேச்சு, "உப்பு இல்லை." பேசியது ஒரு பொம்பளைக் குரல். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. மண்டியையே அதட்டிய மனிதரின் பேச்சை யாரோ ஒருத்தி மூக்கால் பேசுகிறாள்.

மகள் வேலைக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் ஊருக்கு வந்தோம். அதிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

அந்தக் கீபோர்டில் சத்தமே வராது. அவர் கட்டிலில் உட்கார்ந்து அமுக்குகிறாரா, தூங்குகிறாரா என்று பின்னால் இருக்கிற எனக்குத் தெரியாது. போன் பேசினாலும் கொட்டகை வரை வராது. பாதியிலேயே கை ஓய்ந்துவிட்டால் அது பேசவும் பேசாது. முன்பெல்லாம் அவருக்கு ஏதும் சொல்ல முடியாது என்பதால் நான் நிம்மதியாக என் வேலையைப் பார்த்தேன். இப்போது சொல்ல முடியும், எனக்குத்தான் கேட்காது. கறந்துகொண்டே இருப்பேன், அவர் கூப்பிடுகிறாரோ என்று இருக்கும். எழுந்து ஓடுவேன். ஒன்றும் இருக்காது. திரும்பி வருவேன். சாணி அள்ளப் போவேன், மறுபடியும் ஓடுவேன். அடுப்பில் வைத்தது தீய்ந்தது. மாட்டுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. கறக்கிறவள் பாதியில் எழுந்து போனால் அது மட்டும் எதற்குப் பாலை விடும்? அடக்கிக்கொண்டது. உதைக்கவும் ஆரம்பித்தது.

"இன்னாக்கா, வீட்டுக்குள்ளயே நடைபயணம் போய்க்கினு கீற?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"உனுக்கு இன்னாடி, உன் புருஷன் வாயை மூட மாட்டான்றதுதான் உன் கவலை" என்றேன்.

ஒருநாள் கொல்லைக்குப் போய் வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் கட்டில் மேல் வெயில் நேராக அடிக்கிறது. சன்னல் கதவைச் சாத்தாமல் போயிருந்தேன். அவர் சட்டை நனைந்து, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். போனில் 'வெயி' என்று பாதி எழுத்து நின்றது. அதற்கு மேலே 'வெயில்' என்று இன்னும் சில தடவை இருந்தது. நான் கொட்டகையில்தான் இருக்கிறேன் என்று நினைத்துப் போனைப் பேச வைத்துப் பேச வைத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு கீபோர்டை இடது கையால் மெல்லத் தள்ளிக் கட்டிலின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டார்.

அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. நான் எடுத்து மடியில் வைத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கட்டிலைத் தட்டுவதையும் விட்டுவிட்டார். சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் சும்மா இருந்தார். பேச்சு வராதபோதுகூட அவர் இப்படி இருந்ததில்லை. இந்த மனிதர் இனி எதுவும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியபோது உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். "அந்த இன்னொண்ணு வாங்கணும்டி."

"எம்மா, மூணு பங்கு விலை அது. வெறும் சத்தத்துக்கா அவ்ளோ காசு?"

"சத்தத்துக்குத்தான்."

அவரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, புத்தூரில் பஸ் மாறி, தனியாகத் திருப்பதி போனேன். பால் ஊற்றுகிற இடத்தில் முன்பணமாக வாங்கிய காசு மடியில் இருந்த பையில் இருந்தது, வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தேன். அதே கடை, அதே ஆள்.

"யாருக்கம்மா? கேம்ஸ் ஆடறவங்களா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. எழுபது வயசு."

சிரித்தான். பழையதைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றான், சரி என்றேன். மெக்கானிக்கலிலேயே சத்தம் குறைவானது இருக்கிறது, விலை மட்டும் கொஞ்சம் கூட என்று ஒன்றை எடுத்தான்.

"காசு ஜாஸ்தி குடுத்து வாயை அடைக்கணுமா? இருக்கறதுலயே கத்தறது எது, அதை எடு."

மூன்றை எடுத்து வைத்தான். அதில் இரண்டு, பக்கத்தில் நின்று கேட்டால் ஒன்று போலத்தான் இருந்தன. எங்கள் கட்டிலுக்கும் கொட்டகைக்கும் இருக்கிற தூரம் இந்தக் கடைக்குள் இல்லை. "நீ சன்னலாண்ட உக்காந்து ஒவ்வொண்ணா தட்டு. நான் கீழ போய்க் கேக்கறேன்" என்றேன்.

"அம்மா, கீழ பஸ் போகுது. இன்னா கேக்கும்?"

"எங்க ஊட்லயும் மாடு கத்தும், மோட்டார் ஓடும். நீ தட்டு."

இறங்கி ரோட்டோரம் நின்று "தட்டு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். ஷேர் ஆட்டோக்காரன் என்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நிறுத்தினான். போகச் சொன்னேன். முதலாவது கேட்கவில்லை. இரண்டாவது, கேட்டதாக நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவது கடக் கடக் என்று கல் உதிர்கிற மாதிரி இறங்கி வந்தது. படியேறி வந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதில் பட்டனுக்கு அடியில் எரிகிற விளக்கு ஒரு பக்கம் எரியாது, பார்வைக்கு வைத்திருந்தது என்றான். விளக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். விலையைக் குறைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழையதிலிருந்த எழுத்துச் சில்லுகளைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்துப் புதியதில் ஒட்டினேன். எனக்கு அது ஒருநாள் வேலை. ஓர் எழுத்தைப் பார்க்க வேண்டும், இடத்தை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒட்ட வேண்டும். பொழுது சாயும்போது அவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். நான் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி ஒட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டித் தப்பான பட்டனை ஓங்கிக் குத்தினார். கடக் என்றது. அவரே திடுக்கிட்டார். இன்னொரு தடவை குத்தினார்.

நான் வேண்டுமென்றே மாற்றி ஒட்டினேன் என்று மகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கொட்டகையில் இருந்தாலே தெரிகிறது. சத்தம் கேட்டால் அவர் ஏதோ சொல்ல வருகிறார். முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது, "காபி வாணான்றாரு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். உடனே கடகடவென்று சத்தம். "வேணும்" என்றாள் போனில் இருப்பவள். அந்தப் போன் அம்மாளுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று சாயங்காலம் கறந்துகொண்டிருந்தேன். முன்னறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. செம்பு பாதிதான் நிறைந்திருந்தது. "வரேன் இருய்யா" என்று கத்தினேன். சத்தம் நின்று, மறுபடியும் வேகமாக வந்தது. ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்துகிறார். குத்தட்டும். மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்து முழுக்கக் கறந்தேன். மாடும் ஒழுங்காக விட்டது.

உள்ளே போனேன். அவர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். பெரிய பட்டன் மேல் விரல் இருந்தது, அமுக்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய், விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். கா. து. செ. வி. டா. படித்து முடிக்கும் வரைக்கும் அவர் காத்திருந்தார்.