இத்தாலி சைக்கிளுக்கு வயது பார்த்தது

என் அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். போர் முடிந்து இத்தாலியிலிருந்து திரும்பியபோது ஆள் உயர மரப்பெட்டி ஒன்றைக் கப்பலிலும் ரயிலிலும் கடைசியாகப் பஸ்ஸின் தலையிலும் ஏற்றி நாகர்கோவில் வரை கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே துண்டு துண்டாகப் பிரித்துவைத்த சைக்கிள். அங்கே வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு குடும்பத்தை, பசுமாடு, மெத்தை, சுவர்க்கடிகாரம் சகிதம் லாரியில் ஏற்றி அக்கரை சேர்த்தாராம். கொடுக்க வேறொன்றும் இல்லாமல் அந்த வீட்டுக்காரர் சைக்கிளைக் கொடுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமும் கொடுத்தாராம்.

"வீட்டுக்காரரா, வீட்டுக்காரியா?" என்று அண்ணன் மனைவி, என் மைனி, ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"மீச உள்ள ஆளாக்கும் பிள்ளே" என்று அண்ணனும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

வழியில் யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதென்று சைக்கிள் முழுக்கப் பட்டாளத்துப் பச்சையை அவரே அடித்துவிட்டார். முன்பக்கம் கம்பெனிப் பெயரோடு இருந்த தகட்டையும் நெம்பி எடுத்துக் கடலில் போட்டுவிட்டார். ஆகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தது, ஊர் பேர் தெரியாத ஒரு பச்சை சைக்கிள். முன்னறைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதை மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால், "ரேஸ் வண்டியாக்கும். அங்கெல்லாம் மலையில ஓடிச் செயிச்சது" என்பார். என்ன மாடல், எந்த வருடத்தது என்று யாராவது மேலே கேட்டால் அண்ணனுக்குக் காப்பி ஞாபகம் வந்துவிடும்.

ஐம்பத்தொன்றில் எனக்கு ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து மூன்று மைல். திருவனந்தபுரத்தில் படிக்கும்போது ஹாஸ்டல் முற்றத்தில் தோழியின் சைக்கிளை ஓட்டிப் பழகியிருந்தேன். சுவரில் சும்மா தொங்கும் வண்டியைப் பார்க்கப் பார்க்கக் கால் பரபரத்தது. "நான் இதில பள்ளிக்கூடத்துக்குப் போறேன் அண்ணா" என்றேன்.

"டயரு பஞ்சரு மக்கா. அது இங்கத்த டயரு இல்ல, கேட்டியா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மெலிந்த பாம்பு போன்ற டயர். ட்யூபும் டயரும் தனித்தனியாக இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தைத்து மூடி, சக்கரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அண்ணன் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் டியூட்டிக்குப் போனதும் நானும் மைனியும் சைக்கிளை இறக்கி, வடசேரியில் ஒரு சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது என்ன எனம் வண்டி டீச்சர்? பின் சக்கரத்தில ரெண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கு. செயின் ஒண்ணுதான். எவனோ மப்புல மாட்டியிருக்கான்."

டயருக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு எழுதச் சொல்லி விலாசம் கொடுத்தார். எழுதினேன். பத்தாம் நாள் ஆங்கிலத்தில் தட்டெழுத்துக் கார்டு வந்தது: தயாரிப்பாளர், மாடல், வருடம் மூன்றையும் தெரிவித்தால் முயற்சி செய்கிறோம்.

"மூணுல ஒண்ணு தெரியுமா நமக்கு?" என்றேன்.

"பச்சைக்குக் கீழ என்ன இருக்குண்ணு பாப்போமா?" என்றாள் மைனி.

மைனி எனக்கு இரண்டு வயதுதான் மூத்தவள். மிஷன் பெண்களோடு உட்கார்ந்து லேஸ் என்கிற ரேந்தை பின்னுகிறவள். சீமைக்குப் போகும் மேஜை விரிப்புகளின் ஓரத்தில் அவள் ஊசி ஓடுவது கண்ணுக்கே தெரியாது. அத்தனை பொறுமை உள்ள கை. ஆனால் வாயைத் திறந்தால் பொறுமைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மறுநாள் அண்ணன் பஸ் ஏறிய ஐந்தாவது நிமிஷத்தில் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கரண்டிக் காம்புமாகக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சை போயிற்று. கீழே மாதுளை முத்துச் சிவப்பு. மைனி கூவிவிட்டாள். "ஏட்டி, புதுப்பொண்ணு மாதிரில்லா இருக்கு! இதையா பச்சையில முக்கி வச்சாரு இந்த மனுஷன்?" அதன்பின் எங்களுக்குச் சோறு தண்ணீர் ஞாபகமே இல்லை. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. குறுக்குக் கம்பியில் தங்க நிறத்தில் ஒரு எழுத்து. பிறகு இன்னொன்று. வலப்பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்ததால் சொல் தலைகீழாகப் பிறந்தது. ஏ. எஸ். ஆர். ஓ. கடைசியாக சி. நேராகச் சேர்த்து வாசித்தால் "கோர்சா".

"கோர்சா" என்றாள் மைனி, தின்பண்டத்தைச் சொல்வதுபோல. "கோர்சா, கோர்சா" என்று இரண்டு பேரும் கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று ஆடினோம். அர்த்தம் தெரியாது. அதனாலென்ன!

சாய்வுக் கம்பியில் இருந்த பெயரைத்தான் ஆர்வத்தில் அழுத்தித் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். கடைசியில் "இனி" என்ற எழுத்துகளும், அதற்கடியில் சிறியதாக "ஃபேன்சா" என்ற சொல்லும்தான் மிஞ்சின. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டபோது பெடல் அச்சுக்கு அடியில் உளியால் கொத்தியதுபோல ரோமன் எண் தெரிந்தது. பதினாலு.

பின் சக்கரத்தையும் அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு பக்கப் பல்சக்கரத்தில் பற்கள் பதினாறு. மறு பக்கம் இருபது. அச்சின் இரு முனையிலும் இருந்த நட்டுகளுக்குக் காது மாதிரி இரண்டு சிறகு. ஸ்பானர் வேண்டாம், விரலே போதும். கணக்கு டீச்சருக்கு இது போதாதா? குடிகாரன் மாட்டியதல்ல இது. பல் கூடினால் மிதிக்க லேசு, வேகம் குறைவு. சமதரையில் ஒரு பக்கம். ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியது! நான் இதை மண்ணில் கோடு போட்டு விளக்கினேன். மைனி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "நீ ஆம்பிளையா பொறந்திருந்தா உன்னையே கெட்டியிருப்பேன்" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். சிவப்பு சைக்கிளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நாங்கள் இருவரும் அடுக்களை வாசலில் நின்றோம்.

"அந்த ஆளு தந்தப்பம் இந்த நெறந்தான் இருந்தது" என்றார். கண் கலங்கியிருந்தது. தங்க எழுத்தைத் தடவிப் பார்த்து, "கோர்சாண்ணா என்ன?" என்று எங்களையே கேட்டார்.

மீன் கொண்டுவரும் கடியப்பட்டணத்து அக்காதான் வழி சொன்னாள். அவர்கள் ஊர் வேதக்கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியார் ரோமில் ஏழு வருடம் படித்தவராம். "இத்தாலி பாஷையில கனவே காண்பாரு" என்றாள். நாங்கள் புராட்டஸ்டண்ட், சி.எஸ்.ஐ. சபை. கத்தோலிக்கச் சாமியாரிடம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதை எங்கள் சபையார் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று அண்ணன் தயங்கினார். "ஞானஸ்நானமா வாங்கப் போறோம்? சைக்கிளுக்கு வயசு பாக்கத்தானே போறோம்" என்றாள் மைனி.

அடுத்த சனிக்கிழமை காலை மூவரும் பஸ் ஏறினோம். சைக்கிள் பஸ்ஸின் தலையில். அண்ணன் வழி நெடுக ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே வந்தார்.

சாமியார் குள்ளமாக, உருண்டையாக, நாற்பது வயதுக்காரராக இருந்தார். கோயில் முற்றத்தில் சைக்கிளைக் கண்டதும் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். குறுக்குக் கம்பியில் விரலை ஓட்டினார்.

"கோர்சா! கோர்சாண்ணா பந்தயம். ரேஸ் மாடல்தான் இது, சந்தேகமே இல்ல."

"நான் சொல்லலியா?" என்று அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். ஐந்து வருடமாக அவர் விட்ட கதை உண்மையாகிவிட்டதில் அவருக்கே ஆச்சரியம்.

ஃபேன்சா என்பது ஒரு ஊர் என்றார் சாமியார். அண்ணன் துள்ளினார். அந்த ஊர்ப் பக்கம்தான் வெள்ளமாம். "இனி" என்று முடியும் பெயரைக் கேட்டதற்குச் சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தாலியில பாதிப் பேருக்குப் பேரு அப்பிடித்தான் முடியும். பெரிய கம்பெனி இல்லம்மா. ஏதோ சின்னப் பட்டறை வச்சிருந்தவரு, அந்த ஊர்ப் பந்தயக்காரங்களுக்குச் செஞ்சு குடுத்திருப்பாரு."

"அந்தப் பதினாலு, ஃபாதர்?" என்றேன். பதினாலாவது வண்டி என்று நானும், பதினாலு வயதுக்காரர்கள் ஓட்டுவது என்று மைனியும் முடிவு கட்டியிருந்தோம்.

அவர் சைக்கிளுக்கு அடியில் முழங்காலிட்டுப் பார்த்தார். "வருஷம்! அங்க அப்பம் ஆண்ட சர்வாதிகாரி, தான் பதவிக்கு வந்த நாள்ல இருந்து புதுசா வருஷம் எண்ணச் சொன்னாரு. இருபத்திரண்டுல ஆரம்பம். எல்லாத்திலயும் அந்த எண்ணைப் போடணும். பதினாலுண்ணா முப்பத்தஞ்சு கடைசியில இருந்து முப்பத்தாறு கடைசிக்குள்ள. நான் ரோமில இறங்கின வருஷம்!"

சக்கரத்தைத் திருப்பி மாட்டும் என் கணக்கைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறாராம். மலையடிவாரத்தில் பந்தயக்காரர்கள் குதித்து இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, ஒரு அவித்த முட்டையை வாயில் போட்டுக்கொண்டு பறப்பார்களாம். முதுகில் எட்டுப் போட்டுக் கட்டிய உபரி டயராம். அதைச் சொல்லும்போது அவரே குதித்து இறங்கினார், முட்டையும் தின்று காட்டினார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது.

"ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார், குழந்தை மாதிரி.

பஞ்சர் என்று சொன்னதும் அவர் முகம் வாடியது. அப்போதுதான் மைனி டயரை உரித்து மடியில் போட்டுக்கொண்டாள். உள்பக்கத் தையலை விரலால் நெருடினாள். "இது வெறும் தையல்லா? இதுக்கா மெட்ராஸுக்கு எழுதின?" கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்தாள். ஒரு சாண் தையலைப் பிரித்து, ஓட்டை மேல் சைக்கிள் கடைக்காரர் கொடுத்திருந்த ரப்பர் துண்டை ஒட்டி, திரும்பத் தைத்தாள். கூடி நின்ற கடற்கரைப் பெண்கள் "எக்கா, எங்க மீன்பிடி வள்ளமும் பலகைய இப்பிடித் தச்சதுதான்" என்றார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடி, வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சட்டியோடு கொண்டுவந்தாள். அதைச் சக்கரத்தில் தடவி டயரை அழுத்தினோம். ஆறியதும் பிடித்த பிடி! இழுத்தாலும் வரவில்லை. அண்ணன் பம்பு அடித்தார். காற்று நின்றது.

சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். முற்றத்தை இரண்டு முறை சுற்றி, இத்தாலிய மொழியில் ஏதோ கத்திக்கொண்டே கொடிமரத்தைத் தொட்டுவிட்டு வந்து இறங்கினார். "இனி வண்டிக்கு உடையவரு ஏறணும்" என்று அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் பின்வாங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். கடலைப் பார்த்தார்.

"ஏறுங்களேன்" என்றாள் மைனி.

"எனக்கு லாரி ஓட்டத் தெரியும். பஸ் ஓட்டத் தெரியும்" என்றார் அண்ணன். குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "சைக்கிள் ஓட்டத் தெரியாது."

மைனி சிரிக்க ஆரம்பித்தாள். மணலில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். அண்ணனும் தாங்காமல் சிரித்துவிட்டார். "என்னத்தச் செய்ய, அந்த ஆளு அவ்வளவு ஆசையா தந்தாரு. ஓட்டத் தெரியாதுண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டாரா?"

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரப் பெண்கள் இருவர் என் சேலையைக் கால்களுக்கிடையே வாரி எடுத்துப் பின்னால் இறுக்கச் செருகிவிட்டார்கள். ஏறினேன். ஹாஸ்டல் சைக்கிள் எருமை என்றால் இது மான். ஒரு மிதிக்கு நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு போயிற்று. கோயில் வாசலைத் தாண்டி இறக்கத்தில் விழுந்தது. காற்று காதில் விசில் அடித்தது. வலப்பக்கம் கடல் ஓடியது. பிரேக்கைப் பிடித்தேன், பதினைந்து வருட ரப்பர் கல்லாகிக் கிடந்தது, கீச்சென்றதே தவிர நிற்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கோர்சா!" என்று என்னையறியாமல் கத்தினேன். காயப்போட்ட நெத்திலியை ஒரு மயிரிழையில் தப்பி, மணலில் சொருகி நின்றது சைக்கிள். நான் மட்டும் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் ஒரு வலைக் குவியலில் விழுந்தேன். அண்ணனும் சாமியாரும் அலறிக்கொண்டு ஓடிவந்தபோது நான் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.

பிரேக் ரப்பரை மறுவாரமே வடசேரிக் கடைக்காரர் மாற்றித் தந்தார். பல்சக்கர விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவந்தார். போகட்டும். அண்ணன், அறுவடை முடிந்த வயலில், மைனி பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்.

நான் நான்கு வருடம் அதில் பள்ளிக்குப் போனேன். வழியில் ஒரு ஏற்றம் உண்டு. அங்கே இறங்கி, விரலால் நட்டைத் திருகி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவேன். அதைப் பார்க்கவே மாணவிகள் அங்கே காத்து நிற்பார்கள். என்ன வண்டி டீச்சர் என்று கேட்டவர்களுக்கு, கோர்சா, முப்பத்தாறு என்று சொல்லிச் சொல்லி அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. ஒரு ஜூன் மாதம் சுசீந்திரத்திலிருந்து ஒரு அம்மா மகளைச் சேர்க்க வந்தார். தலைமையாசிரியை அறையில் நானும் நின்றிருந்தேன்.

"எம் பிள்ளைய கோர்சா டீச்சர் கிளாஸில போடணும்" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அவிய வடநாட்டுக்காரியளா?"